நுவோலாரியின் இரு சக்கர ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் பழைய கார் பந்தய வீரர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். தமிழில் இத்துறையைப் பற்றிப் பொறுப்புடன் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால், கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனினும், இத்தாலியைச் சேர்ந்த தாட்சியோ நுவோலாரிக்கு அதில் ஒதுக்கப்பட்டிருந்த பத்தியைப் படித்து முடித்தபோது மனம் நிறைவடையவில்லை. 1935ஆம் ஆண்டு ஜெர்மன் கிராண்ட் பிரி பந்தயத்தில் அவர் பெற்ற வெற்றி விரிவாகச் சொல்லப்பட்டிருந்தது. அதற்கு முன் அவர் சில காலம் மோட்டார் சைக்கிளும் ஓட்டினார் என்பது மட்டும் அரை வரியில் முடிந்துவிட்டது. அந்த அரை வரிக்குள் அடங்கிப்போனவை முழுதாகப் பத்து ஆண்டுகள். நுவோலாரி எப்படி நுவோலாரி ஆனார் என்பதற்கான விடை அந்தப் பத்து ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதை வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டார் மெக்கானிக் பிரிவின் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய எஞ்சின்களின் மீதிருந்த ஆர்வமே அவற்றை ஓட்டியவர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. ஆகையால், எண்ணிக்கையாக வெற்றிகளை அடுக்குவதை விட, ஒரு மனிதர் எந்த இயந்திரத்தில் எதைக் கற்றார் என்பதையே என் கண் முதலில் தேடும்.

நுவோலாரி 1892ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று, வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகிலுள்ள கஸ்தெல் தாரியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை அர்த்தூரோவும் சித்தப்பா ஜுசெப்பேயும் சைக்கிள் பந்தய வீரர்கள். அதிலும் ஜுசெப்பே பலமுறை இத்தாலியின் தேசியப் பட்டத்தை வென்றவர். சிறுவன் தாட்சியோவுக்கு அவரே ஆதர்சம். ஆகவே, இரண்டு சக்கரங்களின் மீது உடலைச் சமன்படுத்திக்கொண்டு விரைவது அந்தக் குடும்பத்தில் புதிதன்று. 1915இல், தமது 23ஆம் வயதில், மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கான உரிமத்தை அவர் பெற்றார். அதே ஆண்டில் இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியது. நுவோலாரி இராணுவத்தில் வண்டி ஓட்டுநராகப் பணியாற்றினார். போர் முடிந்து, 1920இல் கிரெமோனா நகரில் நடந்த பந்தயத்தில் அவர் முதன்முதலாகக் களமிறங்கியபோது வயது 27. அந்தப் பந்தயத்தை அவரால் முடிக்க இயலவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் வெரோனாவில் நடந்த கார் பந்தயமொன்றில் அன்சால்தோ காரில் வென்றார் என்றாலும், அது வேகப் போட்டியைவிட வண்டியின் தாங்குதிறனைச் சோதிக்கும் போட்டியாகவே இருந்தது. வயதைக் கவனிக்க வேண்டுகிறேன். இன்றைய வீரர்கள் பலர் பல ஆண்டுகள் பந்தயமோடிப் பழகிவிட்ட வயதில்தான் அவர் தொடங்கவே செய்தார்.

1920களில் இத்தாலிய மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதை அறியாமல் அவருடைய சாதனையின் எடை தெரியாது. அன்றைய பந்தய வண்டியில் பின்சக்கரத்துக்குச் சஸ்பென்ஷன் என்பதே கிடையாது. சட்டத்தோடு இறுகப் பொருத்தப்பட்ட சக்கரம் ஒவ்வொரு கல்லின் அடியையும் நேராக முதுகெலும்புக்கு அனுப்பும். டயர்கள் மெலிந்தவை. பெரும்பாலான வண்டிகளில் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும்; அதாவது, வளைவை நெருங்கும் நேரத்தில் ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்தாக வேண்டும். பிரேக்குகளை நம்பி வளைவுக்குள் நுழைய முடியாது. ஓடுகளம் என்று தனியாக இருந்தவை மிகச் சில. மற்றவை எல்லாம் ஊர்களின் ஊடாகவும் மலைகளின் மீதாகவும் செல்லும் பொதுச் சாலைகள். அவற்றில் பல, தார் காணாத மண் சாலைகள். சரளை சிதறிக் கிடக்கும் வளைவில் பின்சக்கரம் வழுக்குவது விபத்துக்கான அறிகுறியன்று. அன்றாட நிலைமையே அதுதான். அந்த வழுக்கலை முன்சக்கரத்தின் திருப்பத்தாலும், இடுப்பின் அசைவாலும், எஞ்சினின் விசையைக் கூட்டியும் குறைத்தும் கட்டுக்குள் வைத்துக்கொண்டே முன்னேறத் தெரிந்தவன்தான் வென்றான்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு லாரியோ சுற்று. கோமோ ஏரி தெற்கில் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. அவற்றுக்கு இடையே உயரும் மலைப்பகுதியில், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளத்தில், கொண்டை ஊசி வளைவுகளும் செங்குத்தான இறக்கங்களுமாக அமைந்த சாலை அது. பிரிட்டனின் ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டூரிஸ்ட் டிராபி பந்தயத்துக்கு நிகராக வைத்து இத்தாலியர் அதைப் போற்றினர். அங்கே 350 சி.சி. பிரிவில் 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர் நுவோலாரி. மோன்ட்சா ஓடுகளத்தில் நடந்த நாடுகளின் கிராண்ட் பிரி பந்தயத்திலும் அதே பிரிவில் 1925 முதல் 1928 வரை நான்கு முறை அவரே வென்றார். ஒன்று மலைச்சாலை, மற்றொன்று சமதளத்தில் வேகத்துக்கென்றே கட்டிய களம். இரண்டிலும் ஒரே மனிதர் இத்தனை ஆண்டுகள் வெல்ல முடிந்ததை, 'சில காலம் மோட்டார் சைக்கிளும் ஓட்டினார்' என்று எழுதிவிடலாகுமா?

அவர் ஓட்டிய வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிலான் நகரின் பியாங்கி நிறுவனத்தைச் சைக்கிள் தயாரிப்பாளராகவே உலகம் அறியும். அந்த நிறுவனத்துக்காகப் பொறியாளர் மாரியோ பால்தி வடிவமைத்த 350 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் பந்தய வண்டிக்கு 'வான்நீல அம்பு' என்று பொருள்படும் பெயர் வாய்த்தது. எஞ்சினின் தலையில், வால்வுகளைத் திறந்து மூட உதவும் கேம்ஷாஃப்ட்டுகள் இரண்டு அமைந்த வண்டி அது. இன்று நம் தெருக்களில் ஓடும் பல வண்டிகளில் இந்த ஏற்பாடு இருக்கலாம். 1925இல் மோட்டார் சைக்கிளில் அது துணிச்சலான முயற்சி. எஞ்சின் அதிகச் சுழற்சியில் மூச்சுத் திணறாமல் இயங்க அது வழி செய்தது. நல்ல வண்டி கிடைத்ததால்தான் வென்றார் என்று சிலர் சொல்லக்கூடும். நல்ல வண்டிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வண்டியை அதே நிறுவனத்துக்காக ஓட்டிய பிறரும் இருந்தனர். அவர்கள் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1925ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று, பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் ஆல்ஃபா ரோமியோ அணியின் முதன்மை வீரர் அந்தோனியோ அஸ்காரி விபத்தில் உயிரிழந்தார். அவருடைய இடத்தை நிரப்ப ஆள் தேடிய ஆல்ஃபா ரோமியோ, நுவோலாரியை மோன்ட்சாவுக்கு அழைத்து, செப்டம்பர் 1 அன்று தன் பி2 பந்தயக் காரை ஓட்டிப் பார்க்கச் செய்தது. வேகமாகவே ஓட்டினார். ஆனால் ஓட்டத்தின் நடுவே கியர்பாக்ஸ் இறுகிப் பூட்டிக்கொண்டதால் கார் தடம் விட்டு விலகி மோத, அவருடைய முதுகு கிழிந்தது. மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொல்லியும் கேளாமல், சில நாட்களுக்குள்ளேயே அதே மோன்ட்சாவில் நாடுகளின் கிராண்ட் பிரி பந்தயத்துக்கு அவர் வந்து நின்றார். மோட்டார் சைக்கிளின் மீது குனிந்து அமர்ந்த நிலையிலேயே உடல் நிலைத்திருக்குமாறு கட்டுகள் போடப்பட்டன. வயிற்றில் ஒரு மெத்தை வைத்துக் கட்டப்பட்டது. தாமாக ஏறவோ இறங்கவோ இயலாத அவரை மெக்கானிக்குகள் தூக்கி பியாங்கியின் மீது அமர்த்தினார்கள். மழையில் நடந்த அந்தப் பந்தயத்தில் அவர் வென்றார். ஐரோப்பியப் பட்டம் ஒரே பந்தயத்தில் தீர்மானிக்கப்பட்ட காலம் அது என்பதால், 350 சி.சி. பிரிவின் ஐரோப்பியச் சாம்பியன் பட்டமும் அவருக்கே உரியதாயிற்று.

இந்த நிகழ்ச்சியை வீரக்கதையாக மட்டும் சொல்லிச் செல்வோர் பலர். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. உடலை அசைத்து ஓட்ட வேண்டிய வண்டியை, உடலை அசைக்கவே இயலாத நிலையில், ஈரத்தடத்தில் அவர் ஓட்டியிருக்கிறார். அப்படியானால் சமநிலையின் பெரும்பகுதியை எஞ்சினின் விசையைக் கொண்டே, கையின் நுண்ணிய அசைவுகளாலேயே, அவர் சரிசெய்திருக்க வேண்டும். பின்னாளில் கார்களில் அவர் காட்டிய வித்தையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

அந்த வித்தையை அருகிலிருந்து பார்த்தவர், பின்னாளில் ஃபெராரி கார் நிறுவனத்தை நிறுவிய என்ஸோ ஃபெராரி. 1924இல் ராவென்னா பகுதியில் நடந்த பந்தயத்தில் இருவரும் எதிரெதிராக ஓட்டியபோது அறிமுகமானவர்கள். 1931இல் இத்தாலியின் அப்பெனைன் மலைச்சாலைகளில் நடந்த மூன்று மாகாணங்கள் பந்தயத்துக்கான பயிற்சியின்போது, நுவோலாரியின் பக்கத்தில் அமர்ந்து ஃபெராரி ஒரு சுற்று போய் வந்தார். அந்த அனுபவத்தை ஃபெராரியே பின்னர் எழுதி வைத்திருக்கிறார். வளைவு வருவதற்கு வெகு முன்பே நுவோலாரி காரின் மூக்கை உட்புற விளிம்பை நோக்கித் திருப்பிவிட்டதைக் கண்டு, பள்ளத்தில் விழப்போகிறோம் என்றே அவர் நினைத்தாராம். ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலேயே நான்கு சக்கரங்களையும் ஒருசேர வழுக்கவிட்டு, வளைவு முடியும் இடத்தில் கார் நேர்ச்சாலையை நோக்கித் தானாக நிமிர்ந்து நிற்குமாறு நுவோலாரி செய்தார். ஒவ்வொரு வளைவிலும் இதுவே திரும்ப நடந்தது. வழுக்கல் தொடங்கிய பின் அதைச் சமாளிப்பது ஒரு திறன். வழுக்கலை முன்கூட்டியே தாமே உண்டாக்கி, அதைத் திசைதிருப்பும் கருவியாகக் கொள்வது முற்றிலும் வேறு திறன். அதை அவர் எங்கே கற்றிருப்பார்? சரளை கிடந்த லாரியோ வளைவுகளைத் தவிர வேறு பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பயிற்சி நிலையத்திலும், கிராமத்து மண்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வளர்ந்த மாணவனுக்கும், தார்ச்சாலையில் கார் மட்டுமே ஓட்டிப் பழகியவனுக்கும் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் விதத்திலேயே வேறுபாடு தெரியும். முன்னவன் டயரின் பிடிமானத்தைத் தன் உடலால் அளந்து பார்த்தவன்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய விரும்புகிறேன். மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுத்தான் அவர் காருக்கு மாறினார் என்பது போன்ற தோற்றத்தைக் கட்டுரை தருகிறது. உண்மையில் இரண்டும் பல ஆண்டுகள் அருகருகே நடந்தன. பியாங்கியில் வெற்றிகள் குவிந்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் புகாட்டி கார்களை வாங்கிச் சொந்த அணி ஒன்றைத் தொடங்கினார். 1928 மார்ச்சில் திரிப்போலி கிராண்ட் பிரி பந்தயத்தில் புகாட்டியில் வென்றார். அதே ஆண்டிலேயே மோன்ட்சாவில் நாடுகளின் கிராண்ட் பிரி பந்தயத்தை பியாங்கியில் நான்காம் முறையாக வென்றார். மோட்டார் சைக்கிள் பந்தயத்தை அவர் முழுவதும் கைவிட்டது 1930இன் இறுதியில்தான். அப்போது அவருக்கு வயது 38.

அந்தப் புகாட்டி அணியில் அவருடைய கூட்டாளியாக இருந்தவர் அக்கில்லே வர்ட்சி. இவரும் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தவரே. நோவாரா அருகிலுள்ள கலியாதேயில் 1904இல் வசதியான குடும்பத்தில் பிறந்து, கரெல்லி, மோட்டோ குட்சி, சன்பீம் முதலிய வண்டிகளில் பந்தயமோடி, ஐல் ஆஃப் மேன் தீவுக்கும் சென்று போட்டியிட்டவர். இருவரும் ஒரே பள்ளியில் படித்து இருவேறு பாடங்களைக் கற்றவர்கள் போலத் தோன்றுகிறார்கள். வர்ட்சி அளந்து ஓட்டுபவர்; உடையிலும் ஓட்டத்திலும் ஒரு மடிப்புக்கூடக் கலையாதவர். நுவோலாரியோ குட்டையான, ஒல்லியான உடலைக் கொண்டு ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுபவர். எஞ்சினிடம் இரக்கம் காட்டாதவர் என்ற குற்றச்சாட்டும் அவர் மீது உண்டு. அதில் உண்மையும் உண்டு. 1933 மொனாக்கோ கிராண்ட் பிரி பந்தயத்தில் இருவரும் நூறு சுற்றுகளும் மாறி மாறி முன்னணியில் ஓடி, கடைசிச் சுற்றில் நுவோலாரியின் ஆல்ஃபா எஞ்சின் அளவுக்கு மீறிய சுழற்சியால் பழுதடைந்து தீப்பிடிக்க, வர்ட்சி வென்றார். நுவோலாரி காரைத் தள்ளிக்கொண்டே முடிவுக்கோட்டை நோக்கி நடந்தார். ஓட்டுநராக எனக்குப் பிடித்தவர் நுவோலாரி. ஆயினும் என் மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டத் தகுந்தவர் வர்ட்சிதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்விருவரையும் பற்றிய 1930 மில்லே மிலியா கதையும் கட்டுரையில் இடம்பெற்றிருந்தது. பிரெஷியாவிலிருந்து ரோம் வரை சென்று திரும்பும், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் சாலைப் பந்தயம் அது. நுவோலாரி முகப்பு விளக்குகளை அணைத்துவிட்டு இருளில் வர்ட்சியின் பின்னால் பதுங்கி வந்து, இறுதியில் திடீரென்று விளக்கைப் போட்டு முந்தினார் என்பது கேட்பதற்கு இனிய கதை. ஆனால் அந்தப் பந்தயத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுப் புறப்பட்டன. நுவோலாரி புறப்பட்டது வர்ட்சிக்குப் பின்னர். ஆகவே சாலையில் பின்தங்கியிருந்தபோதே, கடிகாரக் கணக்கில் அவர் முன்னணியில் இருந்தார். முந்தினாலும் முந்தாவிட்டாலும் வெற்றி அவருடையதே. உடன் சென்ற குயிதோத்தியோடு ஆல்ஃபா ரோமியோ 6சி 1750 காரில் அவர் நிகழ்த்திய உண்மையான சாதனை, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் அந்தப் பந்தயத்தை முதன்முதலில் முடித்ததாகும். விளக்குக் கதையின் வெளிச்சத்தில் இந்தச் செய்தி மங்கிவிடுகிறது.

1931 முதல் 1933 வரையிலான கார் வெற்றிகளைப் பலரும் அறிவார்கள் என்பதால் விரைந்து கடக்கிறேன். சிசிலித் தீவின் தார்கா ஃப்ளோரியோ சாலைப் பந்தயத்தை 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றார். 1932இல் மொனாக்கோ, இத்தாலி, பிரான்சு கிராண்ட் பிரி வெற்றிகளோடு ஐரோப்பியக் கார் சாம்பியனும் ஆனார். இரு சக்கரத்தில் ஒரு ஐரோப்பியப் பட்டம், ஏழு ஆண்டுகள் கழித்து நான்கு சக்கரத்தில் ஒரு ஐரோப்பியப் பட்டம். அவ்வாண்டு ஏப்ரலில் கவிஞர் கப்ரியேலே தன்னுன்சியோ, மிக விரைவான மனிதருக்கு மிக மெதுவான விலங்கு என்று சொல்லி ஒரு பொன் ஆமையை அவருக்கு அளித்தார். அதன்பின் மஞ்சள் சட்டையும் ஆமைச் சின்னமும் அவருடைய அடையாளங்களாயின. 1933இல் ரேமோன் சோமேருடன் இணைந்து லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தையும், எம்.ஜி. நிறுவனத்தின் 1.1 லிட்டர் சிறிய காரில் வட அயர்லாந்தின் டூரிஸ்ட் டிராபி பந்தயத்தையும் வென்றார். சிறிய, இலகுவான வண்டியைக் கையில் கொடுத்தால் அவர் இன்னும் அபாயகரமானவர் ஆகிவிடுவார், 350 சி.சி. காலத்துப் பழக்கம் அது.

1934 ஏப்ரலில் அலெஸ்ஸாந்திரியா நகரில் மழையில் நடந்த பந்தயத்தில் கால் எலும்பு முறிந்தது. சில வாரங்களில், மாவுக்கட்டோடு பெர்லினின் ஆவுஸ் களத்துக்குச் சென்று, ஒரே காலால் மூன்று பெடல்களையும் இயக்கும்படி மாற்றியமைத்த மசெராட்டி காரில் ஓட்டி ஐந்தாவதாக வந்தார். 1925 மோன்ட்சாவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. உடல் ஒத்துழைக்காவிட்டால் வண்டியையும் கட்டுகளையும் மாற்றிக்கொள்ளலாம், பந்தயத்தை மட்டும் விட வேண்டியதில்லை என்ற எண்ணம் அவருக்குப் பழையது.

கட்டுரையின் மையமான ஜெர்மன் கிராண்ட் பிரி வெற்றிக்கு, அது நடந்த நியூர்பர்க்ரிங் களத்துக்கு, இப்போது வருகிறேன். 1935 ஜூலை 28 அன்று, ஒரு சுற்றுக்கு 22.8 கிலோமீட்டர் நீளமுள்ள மலைத்தடத்தில், 22 சுற்றுகள். ஜெர்மனியின் மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் கார்கள் ஒரு பக்கம்; அவற்றோடு ஒப்பிட விசையில் வெகுவாகப் பின்தங்கிய, வடிவமைப்பில் பழையதாகிவிட்ட ஆல்ஃபா ரோமியோ பி3 காரில் 42 வயது நுவோலாரி மறுபக்கம். எரிபொருள் நிரப்பும் பம்ப் பழுதாகி இரண்டு நிமிடங்களுக்கு மேல் வீணாகியும், ஒவ்வொருவராக முந்தி வந்து, கடைசிச் சுற்றில் மெர்சிடிஸ் வீரர் மன்ஃப்ரெட் ஃபான் பிரவுகிட்சின் டயர் வெடித்தபோது முன்னணிக்கு வந்து வென்றார். கட்டுரையாளர் இதை அழகாகவே எழுதியிருந்தார். ஆனால் இதை ஓர் அற்புதமாக, விளக்க முடியாத நிகழ்ச்சியாக அவர் சித்திரித்ததில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தடத்தின் தன்மையைப் பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகள், ஏற்றம், இறக்கம், அன்று காலை பெய்த மழையின் ஈரம். குதிரைத்திறன் முழுமையாக வேலை செய்ய நீண்ட நேர்ச்சாலை வேண்டும். வளைவுகள் மிகுந்த ஈரத்தடத்தில் டயரின் பிடிமானத்தை உணர்பவனுக்கே சாதகம். லாரியோவில் ஐந்து முறை வென்றவருக்கு அது வேற்று மண்ணன்று. ஃபான் பிரவுகிட்சு தமது டயர்களைத் தேய்த்துத் தீர்த்துவிட்டார். நுவோலாரியின் டயர்களோ கடைசிவரை தாங்கின. எஞ்சினிடம் இரக்கமற்றவர் என்று முன்பு சொன்ன அதே மனிதர், சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் எவ்வளவு நுட்பமானவராக இருந்தார் என்பதை இது காட்டுகிறது.

என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று ஆட்டோ யூனியன் காரில் இருக்கிறது. அக்காலத்துப் பந்தயக் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் எஞ்சின் முன்னால் இருக்கும். ஓட்டுநர் பின்சக்கரங்களுக்கு அருகில் அமர்ந்திருப்பார். கார் வழுக்கத் தொடங்கினால், இருக்கையின் வழியாக உடனே உணர்வார். ஆட்டோ யூனியனிலோ எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால். அவர் வெகுவாக முன்னே தள்ளி அமர்ந்திருப்பார். பின்பகுதி வழுக்குவதை அவர் உணரும் நேரத்தில் நிலைமை கைமீறியிருக்கும். முன்-எஞ்சின் கார்களில் ஊறிய பலரால் அதனோடு ஒத்துப்போக முடியவில்லை. அதை வசப்படுத்தி 1936இல் ஐரோப்பியச் சாம்பியனான பெர்ன்ட் ரோஸ்மேயர், டி.கே.டபிள்யூ. மோட்டார் சைக்கிளிலிருந்து நேராக அந்தக் காருக்கு வந்தவர். வர்ட்சி அதில் 1935இல் துனிசிலும் 1936இல் திரிப்போலியிலும் வென்றார். 1938 ஜனவரியில் சாதனை முயற்சியொன்றில் ரோஸ்மேயர் உயிரிழந்த பின், அந்த அணி தள்ளாடிய நிலையில் அழைக்கப்பட்டவர் நுவோலாரி. அவ்வாண்டு பிரான்சின் போ (Pau) நகரில் ஆல்ஃபா கார் தீப்பற்றிக் காயமுற்று, பந்தயமே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தவர் அவர். 45ஆம் வயதில் அந்த விசித்திரமான காரைக் கற்றுக்கொண்டு, செப்டம்பரில் இத்தாலிய கிராண்ட் பிரி, அக்டோபரில் இங்கிலாந்தின் டானிங்டன் கிராண்ட் பிரி இரண்டையும் வென்றார். டானிங்டனில் ஒரு காரின் எஞ்சின் உடைந்து தடத்தில் எண்ணெய் கொட்டியபோது, அதில் சிக்கிய பிற கார்கள் சுழன்றும் தடம்விட்டும் போக, நுவோலாரி வழுக்கிக்கொண்டே அதைக் கடந்தார். 1939 செப்டம்பர் 3 அன்று, பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்த அதே நாளில், பெல்கிரேடில் நடந்த பந்தயத்தில் வென்றவரும் அவரே.

நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். மலையேற்றக் கார் பந்தயங்களிலிருந்து வந்த ஹான்ஸ் ஷ்டூக்கும் ஆட்டோ யூனியனைத் திறம்பட ஓட்டினார். ஆகவே மோட்டார் சைக்கிள் ஓட்டியவரால் மட்டுமே அது முடியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரின் பெரும் வெற்றியாளர்களில் மூவர் இரு சக்கரத்திலிருந்து வந்தவர்கள் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் என்னால் இயலவில்லை.

இவ்வழியில் அவர் தனியாகவும் இல்லை. 1932இல் நார்டன் வண்டியில் 500 சி.சி. ஐரோப்பியச் சாம்பியனான பியரோ தருஃபி, 1957இல் கடைசி மில்லே மிலியா வேகப் பந்தயத்தைக் காரில் வென்றார். எந்த அந்தோனியோ அஸ்காரியின் மறைவால் நுவோலாரிக்கு ஆல்ஃபா சோதனை ஓட்டம் கிடைத்ததோ, அவருடைய மகன் அல்பெர்தோ அஸ்காரி பின்னாளில் அதே பியாங்கி அணிக்காக மோட்டார் சைக்கிள் ஓட்டித்தான் தொடங்கினார். 1952, 1953 ஆண்டுகளில் ஃபெராரி காரில் உலகச் சாம்பியன் ஆனார். இரு வகையிலும் உலகப் பட்டம் வென்ற ஒரே மனிதரான பிரிட்டனின் ஜான் சர்ட்டீஸ் 1964இல் காரில் பட்டம் பெற்றதும் ஃபெராரியில்தான்.

நுவோலாரியின் பிற்காலம் துயரம் மிகுந்தது. மூத்த மகன் ஜோர்ஜோ 1937இலும், இளைய மகன் அல்பெர்தோ 1946இலும், இருவரும் 18 வயதில், நோயால் இறந்தனர். ஆண்டுக்கணக்கில் சுவாசித்த எரிபுகை அவருடைய நுரையீரலைக் கெடுத்திருந்தது. அப்படியும் 1947 மில்லே மிலியாவில் 1100 சி.சி. சிசித்தாலியா காரில் பெரிய ஆல்ஃபாவுக்கு அடுத்தபடியாக இரண்டாவதாக வந்தார். 1948இல் அதே பந்தயத்தில், 55ஆம் வயதில், ஃபெராரி காரின் பானெட்டும் மட்கார்டும் சாலையில் கழன்று விழுந்த பின்னரும் முன்னணியில் ஓடி, ரெஜ்ஜோ எமிலியா அருகே கார் உடைந்ததால் நின்றார். அதே ஆண்டு ஜூலையில் பெர்ன் நகரில் பயிற்சியின்போது வர்ட்சி உயிரிழந்தார். அதன் பின்னரே பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. நுவோலாரி கடைசியாக ஓட்டியது 1950 ஏப்ரலில் சிசிலியின் மோன்தே பெல்லெக்ரீனோ மலையேற்றப் பந்தயத்தில். அதிலும் தம் பிரிவில் முதலிடம். 1953 ஆகஸ்ட் 11 அன்று மாந்துவாவில் காலமானார். பந்தய உடையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையாளரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. ஆனால் இக்கட்டுரைகள் பின்னர் நூலாகத் தொகுக்கப்படுமானால், நுவோலாரியைப் பற்றிய பகுதியில் லாரியோ சுற்றுக்கும், 1925 மோன்ட்சாவுக்கும், பியாங்கி வண்டிக்கும் உரிய இடம் தர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். விளக்கணைத்த கதைக்குக் கொடுத்த இடமே அதற்குப் போதுமானது. கட்டுரையோடு ஆல்ஃபா காரில் அமர்ந்திருக்கும் அவருடைய படம் மட்டும் வந்திருந்தது. அடுத்த முறை பியாங்கியின் மீது குனிந்து வளைவில் சாய்ந்திருக்கும் படமொன்றையும் அதன் பக்கத்தில் வெளியிட்டால், நான் இத்தனை பக்கங்களில் எழுதியதை வாசகர்கள் ஒரு பார்வையில் கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஓய்வு பெற்ற பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.